கண்ணாயிரம் கடலைப் பூசிக்கொண்ட கதை

மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம், அதாவது எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தேரடி வீதியில் கண்ணாயிரம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் திறந்தார். வளையல், ரிப்பன், பொட்டு, கொண்டை ஊசி எல்லாம் இருந்தாலும், கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டைச் செண்ட்டுக்கென்று ஒதுக்கிவிட்டார். ஊருக்கு ஆபீசுகள் வருகின்றன, ஆபீசுகளோடு ஆபீசர்கள் வருகிறார்கள், ஆபீசர் வந்தால் அவர் சட்டைக்கு வாசனை வேண்டாமா என்பது அவர் யோசனை.

முதல் முகூர்த்த மாசத்திலேயே அடி விழுந்தது. போளூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவன் அவரிடம் ரோஜா செண்ட் வாங்கிப்போய், தாலி கட்டும் முன் நெஞ்சில் தாராளமாகத் தெளித்துக்கொண்டான். ரோஜா மணத்தது, சட்டை பச்சையாகிவிட்டது. கல்யாண ஆல்பம் முழுக்க அவன் வலது கையால் நெஞ்சை மூடிக்கொண்டுதான் நிற்கிறான். போட்டோக்களைப் பார்த்த மாமனார், மாப்பிள்ளைக்கு இருதயக் கோளாறு என்று பயந்து அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

அன்றைக்கே கண்ணாயிரம் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் தன் உடம்பில் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்ப்பது. பார்த்த பிறகே விற்பது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவர் வாயில் ஒரு தீர்ப்பு இருக்கும். "இது கல்யாணத்துக்கு ஆகும்." "இது கோயிலுக்கு ஆகும்." "இது உங்க மேனேஜர் லீவுல இருக்கிற அன்னிக்கு ஆகும்."

மூக்கும் அதற்கேற்ற மூக்குதான். கல்லாவில் குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். படியேறும் ஆளை நிமிர்ந்தும் பார்க்காமல், "வாங்க, ரவா தோசைல வெங்காயம் ஜாஸ்தியோ?" என்பார். பெற்றவர்கள் கண்ணில் வைத்த ஆயிரத்தை ஊர் மூக்குக்கு இறக்கிவிட்டது. மூக்காயிரம் என்றால்தான் தேரடியில் ஆள் தெரியும்.

அவர் வாடிக்கையாளர்களில் ஒரு பிரெஞ்சுக்காரி உண்டு. வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவாள். பேர் சோலாஞ்ச். அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லாரும் கலந்து அவளைச் சுலோச்சனா ஆக்கிவிட்டார்கள். அவளும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. கண்ணாயிரம் என்ற பேர் முழுசாக வாயில் நுழையாததால் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணா, பச்சை வளையல் குடு."

கடையில் அப்போது இருந்த அவர் மனைவி சந்திரகலா அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "தாலி கட்டிக்கினு வந்த நானே உங்கள அப்படி ஒரு நாளும் கூப்ட்டதில்ல."

தொண்ணூற்றொன்பது தை மாசம் சுலோச்சனா கடைக்கு வந்தபோது வளையல் கேட்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். உள்ளே பால் விடாத டீ நிறத்தில் ஏதோ இருந்தது.

"நான் செய்தேன். கடல்."

"கடலா?"

"எங்க ஊர் கடல். நீ போடு. போட்டு உண்மை சொல்லு. மனுஷங்க போடலாமா, கூடாதா? அங்கே எல்லாரும் 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு சொல்லி ஜன்னல் திறக்கிறாங்க."

அவள் ஊரில் செண்ட் தயாரிக்கிற தொழில்காரி என்பதே கண்ணாயிரத்துக்கு அப்போதுதான் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வருஷமாகத் தானே வைத்துக்கொண்ட பதவிக்கு இன்றைக்குத்தான் கடல் தாண்டி ஆள் வந்திருக்கிறது.

கடல் என்று பேர் போட்ட செண்ட்டுகள் அவர் கடையிலும் உண்டு. எல்லாம் நீலப் பாட்டில். எல்லாம் குளியல் சோப்பாக மணக்கும். நிஜக் கடலை அவர் இரண்டே தடவைதான் பார்த்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மெட்ராஸில் ஒரு தடவை, சரக்கெடுக்கப் போன இடத்தில் புதுச்சேரியில் ஒரு தடவை. இரண்டு தடவையும் மூக்கில் நின்றது மிளகாய் பஜ்ஜி. ஆகையால் கடல் எப்படி மணக்க வேண்டும் என்பதில் அவருக்கு முன்முடிவு எதுவும் கிடையாது. நீதிபதி என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி சுறுக்கென்று ஒரு வாசனை. 'இதுக்கா ஜன்னல் தொறக்கிறானுங்க!' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் தைக் கிருத்திகை. குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் இரண்டு தடவை, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டார். எலுமிச்சை வந்தது, வணக்கம் சொன்னது, போய்விட்டது. அதற்குப் பின்னாலிருந்து ஒன்று எழுந்து வந்தது. நனைந்த தாம்புக்கயிறு. பாசி பிடித்த படிக்கட்டு. உப்பு. அதற்கும் அடியில், எப்போதோ செத்துப்போய் அதைப் பற்றி இன்னும் முடிவுக்கு வராத ஒரு ஜீவன்.

சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"எவ அவ, கிருத்திகையும் அதுவுமா கருவாடு வறுக்கிறவ?" என்று கேட்டுக்கொண்டே சந்திரகலா பின்பக்கம் ஓடினாள். பின்வீட்டில் யாரும் எதையும் வறுக்கவில்லை. திரும்பி வந்து கிரைண்டருக்கு அடியில் பார்த்தாள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் வினோதினி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி எலி ஏதாவது செத்திருக்கும்" என்றாள். அம்மாவும் மகளும் ஃபிரிட்ஜை நகர்த்தினார்கள். கண்ணாயிரமும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். வீட்டுத் தலைவன் சும்மா நிற்க முடியுமா? அவர் கிட்டே வர வர எலி இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூனை மதில் தாண்டி வந்து, ஃபிரிட்ஜையும் பார்க்காமல் சாக்கடையையும் பார்க்காமல் நேராக அவரிடம் வந்தது. வேட்டியில் கன்னத்தை உரசிக்கொண்டு, கண்ணை மூடி, பரம பக்தியோடு நின்றது.

வினோதினிதான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்பா... நீயா?"

சந்திரகலா அவர் கழுத்துக்குக் கிட்டே வந்தாள். வந்த வேகத்தில் பின்வாங்கினாள். "இன்னாங்க இது?"

"கடல். சுலோச்சனா குடுத்தா."

"அவ குடுத்தா போட்டுக்குவீங்களா? நாளைக்கு அவ சாணி குடுத்தா?"

"இது சாணி இல்ல கலா, ஃபிரான்சு."

"எதுவா இருந்தா இன்னா? பூஜை ரூம் பக்கம் வராதீங்க. முருகன் எறங்கிப் போயிடுவாரு."

கண்ணாயிரம் சோப்புப் போட்டுக் குளித்தார். அரப்புத் தேய்த்துக் குளித்தார். கடல் குளிப்பதற்கெல்லாம் கரைகிற சாமான் இல்லை. தண்ணீர் பட்டதும் அது இன்னும் உற்சாகமானது. அன்று அவருக்குச் சாப்பாடு கிணற்றடியில். கூடவே பூனை.

வேறு ஆளாக இருந்தால் 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருப்பான். கண்ணாயிரத்துக்கு மனசு வரவில்லை. வீட்டில் ஒரு பரீட்சை முடிந்தது, வெளியில் ஒன்று வேண்டாமா? வீட்டில் அடுப்புப் புகையும் பெருங்காயமும் சேர்ந்து ஏதாவது சதி செய்திருக்கலாம். அடுத்த வாரம் அவலூர்ப்பேட்டையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. ஒரே ஒரு தடவை, மணிக்கட்டில் மட்டும் அடித்துக்கொண்டு, சந்திரகலா பார்ப்பதற்குள் வாசல் தாண்டிவிட்டார்.

முகூர்த்த நாள். பஸ்ஸில் ஊசி நுழைய இடமில்லை. கண்ணாயிரம் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பிடித்தால் மணிக்கட்டு மற்றவர்கள் மூக்குக்கு நேராக வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வண்டி ஊர் எல்லை தாண்டவில்லை, முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. பட்டுப் புடவைக்காரிகள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். ஒரு பெரியவர், "கண்டக்டர், வண்டில மீன் ஏத்திருக்கியா?" என்று சத்தம் போட்டார்.

கண்டக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மூங்கில் கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மாள், சந்தையில் கருவாடு விற்கிறவள். வேறு சாட்சி எதற்கு?

"யம்மா, எழுந்திரு. எத்தினி தடவ சொல்றது, முகூர்த்த நாள்ல கூடய எடுத்தாராதன்னு? அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்கோ."

"இன்னா நைனா, கூட காலியா கீது. பாரு!" கன்னியம்மாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. "தேச்சுக் கழுவிட்டுத்தான் எடுத்தாறேன். எம் மேல இன்னிக்கு ஒரு வாசனயும் கெடையாது."

"அப்ப இது இன்னா, மல்லிப்பூவா? எறங்கு, எறங்கு."

விசில் ஊதப்பட்டது. வண்டி வேகம் குறைந்தது. கன்னியம்மாள் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். கண்ணாயிரத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்த்ததும் கடல் இன்னும் கொஞ்சம் பொங்கியது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் அந்த அம்மா வெயிலில் நடப்பாள்.

"அந்தம்மா மேல இல்லீங்க," என்றார். குரல் கீச்சென்று வந்தது. "எம் மேலதான்."

பஸ் முழுக்கத் திரும்பியது.

கண்டக்டர் அவருடைய சலவைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க மீன் யாவாரமா?"

"இல்ல. செண்ட்டு."

அப்புறம் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை ஒரு சிரிப்பு உருண்டு போனது பாருங்கள், டிரைவர் கூட வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். "காசு குடுத்தா வாங்குன சார்?" என்று ஒருவன். "கல்யாணத்துக்கா போற? பந்தி மிச்சம்தான்" என்று இன்னொருவன்.

கன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வந்து அவர் கையைப் பிடித்து மணிக்கட்டை மூக்கில் வைத்தாள். நன்றாக இழுத்தாள். "இது கருவாடு இல்ல" என்று பஸ்ஸுக்கே அறிவித்தாள். "நானு மரக்காணத்துல பொறந்தவ. படகு கட்டுற எடத்துல இப்படித்தான் அடிக்கும்." அப்புறம் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "இதுக்குப் போயி பாட்டிலு வாங்குனியா? எங்கிட்ட சொல்லிருந்தா என் கூடயக் கவுத்து ஒரு நாளு தலைல வெச்சிருப்பனே."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் ஒரு நன்மை நடந்தது. அவரைச் சுற்றி இருந்தவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்ததில், மூன்று பேர் உட்காரும் சீட் ஒன்று முழுசாகக் காலியானது. கண்ணாயிரமும் கன்னியம்மாளும் ஜமீன்தார் வீட்டுத் தம்பதி மாதிரி காலை நீட்டிக்கொண்டு, நடுவில் கூடையை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இறங்கும்போது அவள் அவருக்குப் பாதி வெற்றிலை கொடுத்தாள்.

கல்யாண மண்டபத்துக்குள் நுழைய அவருக்குத் தைரியம் வரவில்லை. சைவப் பந்தி. உள்ளே போனால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரைப் பார்ப்பார்கள், சமையல்காரர் கரண்டியைத் தூக்குவார். எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் நின்றார். முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்தி முடிந்தது. நிழல் நகர்ந்து வெயில் அவர் மேல் வந்தது. அவர் வெயிலிலேயே நின்றார். பசியில், பஸ்ஸில் ஒருவன் சொன்ன 'பந்தி மிச்சம்' நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. கடைசியில் கல்யாண வீட்டுக்காரரே வந்து பிடித்துவிட்டார்.

"இன்னா மூக்காயிரம், அழைக்காத ஊட்டுக்கு வந்தவன் மாதிரி நின்னுக்கினு கீற? வா, கடைசிப் பந்தி!"

இழுத்துக்கொண்டுபோய் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார். பக்கத்து இலையில் ராமதாஸ் என்று ஒரு ரிட்டையர்ட் ஓவர்சியர். கண்ணாயிரம் வலது கையால் சாப்பிட்டார், இடது மணிக்கட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்தார். பாயசம் வரும்போது ஓவர்சியரின் மூக்கு அசைந்தது. கண்ணாயிரம் தொடையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஓவர்சியர். "இன்னா செண்ட்டு போட்டிருக்கீங்க?"

"ஏன் சார்?"

"ரொம்ப நாளா பூட்டியிருந்த ஊட்டைத் தொறந்து, கழுவி விட்டு, எல்லா ஜன்னலையும் தொறந்து வெச்சா ஒரு ஜில்லுனு காத்து வருமே... அந்த மாதிரி கீது. எங்க கிடைக்குது?"

கண்ணாயிரம் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து முகர்ந்தார். கயிறு போயிருந்தது. பாசி போயிருந்தது. அந்தச் செத்த ஜீவன் ஒரு வழியாகச் சொர்க்கம் சேர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது வெறும் உப்பும் காற்றும், வெயிலில் காய்ந்த கல்லும். அவர் கடையின் நடுத்தட்டில் அப்படி ஒன்று இதுவரை இருந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஓவர்சியர் அதை மிளகு ரசத்தின் காரம் என்று நினைத்து மோர் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சந்திரகலா கதவைத் திறந்தாள். வழி விடுகிற சாக்கில் ஒரு தடவை கிட்டே வந்தாள். தண்ணீர்ச் சொம்பு கொடுக்கிற சாக்கில் இன்னொரு தடவை.

"வேற ஏதோ போட்டுக்கினு வந்திருக்கீங்க."

"அதேதான்."

"பொய்," என்று சொல்லிவிட்டு, சொம்பை வாங்குகிற சாக்கில் மூன்றாவது தடவையும் வந்தாள்.

இப்போது கண்ணாயிரத்துக்கு வழி புலப்பட்டது. சரக்கில் தப்பில்லை, அது காய நேரம் வேண்டும். கிருத்திகையன்று குளித்துக் குளித்து அதைக் காயவே விடவில்லை. மறுநாளிலிருந்து கடைப் பொறுப்பை மதியம் வரை மச்சானிடம் விட்டுவிட்டு, காலையில் செண்ட்டை அடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். சந்திரகலா கூழ் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தாள். வடாமுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையை நீட்டியபடி அவரும் காய்ந்தார். எதிர்மாடியில் துணி உலர்த்த வந்த ஆதிலட்சுமி இதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "சந்திரகலாக்கா, சாரு தெனமும் மாடில இன்னா பண்றாரு?"

"காயப் போட்டிருக்கேன்," என்றாள் சந்திரகலா. "இன்னும் ஈரம் போகல."

ஈரம் பிரச்சினையில்லை, காக்கைகள்தான் பிரச்சினை. முதல் நாள் ஒன்று வந்தது. அடுத்த நாள் சொந்தபந்தத்தோடு வந்தது. அதற்கடுத்த நாள் கைப்பிடிச் சுவர் முழுக்கக் கறுப்பாக உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து அவரையே பார்த்தன. தெருவில் போனவர்கள் அமாவாசை இன்றைக்கா நாளைக்கா என்று காலண்டரைப் பார்க்கப் போனார்கள். மீன் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில் காக்கைகள் வடாமைத் தின்றுவிட்டன. ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அத்தோடு மாடிப் பரீட்சை முடிந்தது. முடித்து வைத்தது சந்திரகலா. கையில் துடைப்பம் இருந்தது.

மாசி பிறந்து, ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் சுலோச்சனா வந்தாள். வந்ததும் கேட்டாள்: "கண்ணா, போடலாமா, கூடாதா?"

கண்ணாயிரம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பூனையிலிருந்து காக்கைவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பஸ் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் வளையல் ஸ்டாண்டு ஆடியது. ஓவர்சியர் சொன்னதைச் சொல்லும்போது சிரிப்பை நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"முடிவு இன்னான்னா," என்று தொண்டையைச் செருமினார், "போடலாம். ஆனா காலைல போட்டா, மனுஷங்க மூஞ்சில மத்தியானத்துக்கு மேலதான் முழிக்கணும். விக்கிற சரக்கா வேணும்னா அந்தக் கயிறு வாசனையக் கொஞ்சம் கம்மி பண்ணு. பாசியைப் பாதியாக்கு. அந்த மூணாவது இருக்கே, அது இன்னான்னு எனக்குத் தெரிய வேணாம், அதைத் தூக்கிடு."

சுலோச்சனா தலையை ஆட்டினாள். மாட்டேன் என்கிற ஆட்டல். "அது இல்லாம மத்தியானம் வராது."

"கொஞ்சம் கம்மி பண்ணாலும் வராதா?"

"கம்மி பண்ணினா நீலப் பாட்டில் வரும்."

கண்ணாயிரம் நடுத்தட்டில் வரிசையாக நின்ற நீலப் பாட்டில்களைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தன் கடைச் சரக்கை ஒருத்தி தன் கடையிலேயே உட்கார்ந்து குறை சொல்கிறாளே என்று. அப்புறம் அவள் சொன்னது சரிதான் என்றும் பட்டது. "அப்ப விக்காது," என்றார். "விக்காது," என்று அவளும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். பாட்டிலை அவரிடமே விட்டுவிட்டு, ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கிக்கொண்டு போனாள்.

பாட்டில் வீட்டுக்கு வந்தது. பழைய துணி மடித்து வைக்கும் பீரோவின் மேல்தட்டில், சந்திரகலாவின் உத்தரவுப்படி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கட்டி ஏற்றினார்கள். கண்ணாயிரம் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. கடையில் நிறைய வேலை. கோடை வந்தது, பவுடர் வியாபாரம் சூடு பிடித்தது.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் வெயில் தாங்காமல் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். சந்திரகலா கூடத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு, ஜன்னல் எல்லாம் காலையிலிருந்தே சாத்திக் கிடந்த மாதிரி இருந்தது. அவளைத் தாண்டி உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். உப்பும் காற்றும், வெயிலில் காய்ந்த கல்லும்.

"இன்னா அப்படி மோப்பம் புடிக்கிறீங்க?" என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து வருஷமாகத் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய். நாக்கு நுனிவரை வந்ததைக் கண்ணாயிரம் விழுங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல. கீரை பச்சுனு கீது."

"காபி வேணுமா?"

"குடு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்புமுன், அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாயிரம் நாற்காலி போட்டு ஏறி, கவரில் இருந்த பாட்டிலை எடுத்து, அவள் கைக்கு எட்டுகிற தட்டில், புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.